பள்ளிச் சுற்றுலாப் பேருந்தை இந்த வருடம் நம் மலைப்பக்கம் திருப்புங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் உங்கள் பிள்ளைகளின் சீருடைதான் என் மேசை முழுக்க. அரசு கொடுக்கிற சீருடை சில பிள்ளைகளுக்குத் தொளதொளவென்று இருக்கும், அதைப் பிடித்துத் தைக்கக் கொண்டு வருவார்கள், தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிதாகவே தைக்க வேண்டும், ஆக எந்தப் பிள்ளை ஒரு வருடத்தில் எத்தனை அங்குலம் வளர்ந்தது என்பது என் டேப்புக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். எனக்கும் எட்டாவது படிக்கிற மகளும் நாலாவது படிக்கிற மகனும் இருக்கிறார்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். இந்த வருடம் ஒரு நாள், ஒரு பிள்ளை விடாமல், எல்லோரையும் நம் மாவட்டத்து மலை ஒன்றுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு ஒரு மலைக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், என் மாமியார். கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே இருக்கிற மலை. மேலே பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது, அதைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கினால் மழைக்காலத்தில் மட்டும் விழுகிற ஓர் அருவி. ஊர்ப்பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். வீட்டுக்காரர் தக்காளி லோடு ஓட்டுகிறவர், அந்த வழியாகப் போய் வருகிற பழக்கத்தில் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார். துணைக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்தார். அடிவாரத்து ஊர்ப் பையன்தான், இருபத்தைந்து வயது இருக்கும்.

மாந்தோப்பு முடிகிற இடத்தில் காப்புக்காடு தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு இலையெல்லாம் நனைந்து கிடந்தது. ஒத்தையடிப் பாதை, இரண்டு பக்கமும் உண்ணிச்செடி தோளுயரத்துக்கு நெருக்கிக்கொண்டு நிற்கிறது, அதைத் தாண்டினால்தான் மரங்கள். வீட்டில் படி ஏறவே முட்டி வலிக்கிறது என்கிற என் மாமியார் அன்றைக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார். சின்ன வயதில் பென்னாகரம் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்தவர் அவர். கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் அவருக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இது துரிஞ்சி, இதன் இலையைக் காயவைத்து இடித்தால்தான் நீங்கள் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. இது விராலி, கை கால் பிசகினால் இலையை வைத்துக் கட்டுவார்கள். இது வெப்பாலை, கிள்ளினால் பால் வரும் பார், தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். இது ஆச்சா, பட்டையை உரித்துக் கயிறு திரிப்போம். மகள் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒவ்வொரு பெயராக உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தாள், கை போதாமல் தம்பியின் கையையும் பிடித்து எழுதினாள். கோட்டை வாசலுக்குப் போவதற்குள் பதினேழு பெயர்.

பாதை ஓரத்தில் மக்கிப்போன யானை லத்தி ஒன்று கிடந்தது. காவலர் தம்பி குனிந்து அதைக் காட்டினார், நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு புளியங்கன்று முளைத்து நின்றது. "எங்கியோ தின்னுட்டு இங்க வந்து நட்டுட்டுப் போயிருக்குது பாரு" என்று மகனிடம் சொன்னார். மகன் அன்றிலிருந்து புளியம்பழக் கொட்டையைத் துப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கிறான்.

இன்னும் கொஞ்சம் மேலே ஒரு நெல்லி மரம். பாறை வெடிப்பில் வேரை விட்டு நின்றது, கடையில் விற்கிற பெருநெல்லி மாதிரி இல்லை, சின்னச் சின்னக் காயாக இருந்தது. ஆளுக்கு ஒன்று கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்றோம். அப்போது மகள் கேட்டாள், "அதியமான் ஔவையாருக்குக் குடுத்தது இந்த மாதிரி நெல்லிதானா?" தகடூர் என்பது தருமபுரிதான் என்று அவளுக்குத் தெரியும், ஊரில் அதியமான் பெயரில் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் புறநானூற்றில் ஔவையார் அந்தக் கனியைப் பற்றிப் பாடும்போது பெரிய மலையின் பிளவில், ஏற முடியாத உச்சியில் விளைந்தது என்று சொல்வது அவளுக்கு அந்த மரத்தடியில்தான் உறைத்தது. புளிப்பும் துவர்ப்பும் நாக்கில் இருக்கும்போதே சுனைத் தண்ணீரைக் குடித்துவிட்டு "இனிக்குதும்மா" என்றாள். இந்த ஒரு பாடத்தை வகுப்பறையில் எந்த ஆசிரியராலும் இப்படிக் கொடுக்க முடியாது, நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

கோட்டை வாசலில் இப்போது மிச்சமிருப்பது இரண்டு பக்கமும் நிற்கிற கற்சுவர் மட்டும். வழி நேராக உள்ளே போகாமல் வளைந்து போகிறது. காவலர் தம்பி மகனை வெளியே நிறுத்தி "வேகமா ஓடி வா பாக்கலாம்" என்றார். அவன் ஓடி வந்து வளைவில் சுவரில் கையை ஊன்றித் தானாகவே நின்றான். நின்றுவிட்டு, "ஓ, சண்டைக்கு வர்றவங்க இங்க நிக்கணும், அப்ப மேல இருந்து அடிப்பாங்க" என்று அவனே சொன்னான். யாரும் அவனுக்கு விளக்கவில்லை.

உள்ளே களஞ்சியம் மாதிரி ஒரு கட்டடம், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், பாதி இடிந்தது. பக்கத்தில் பாறையிலேயே வெட்டிய சுனை. அதன் கரையில் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் முதுகில் கோடு போட்டது போல வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம். மகன் ஒவ்வொரு குழியிலும் இரண்டு விரலை விட்டு விட்டு எண்ணினான். பதினான்கு. ஆப்பு வைத்து அடித்துப் பாறையைப் பிளப்பதற்காகப் போட்ட குழிகள் அவை, எதனாலோ அந்தப் பாறையைப் பிளக்காமலே விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மகள் மதிலின் பக்கத்திலிருந்து கத்திக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், மதிலில் வைத்திருக்கிற கற்களின் ஓரத்திலும் அதே குழிகள், பாதிப் பாதியாக. கோட்டைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை என் பிள்ளைகள் அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள். ஊரே எப்போதோ தெரிந்துவைத்திருக்கிற விஷயமாக இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு அது அவர்களுடைய கண்டுபிடிப்பு, ஒரு மணி நேரம் அந்த மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நான் பி.ஏ. வரலாறு படித்தவள். தையல் மிஷினில் உட்கார்ந்த பிறகு அதெல்லாம் எதற்கு என்று பல தடவை நினைத்ததுண்டு. அன்றைக்கு மதில்மேல் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னேன். நம் பக்கத்தில் எந்த மலைக்கோட்டையைக் கேட்டாலும் திப்பு சுல்தான் கட்டியது என்பார்கள். திப்புவுக்கு முன்னால் ஹைதர் அலி, அவருக்கும் வெகு காலம் முன்னால் விஜயநகரத்து அரசருக்குக் கீழ் இருந்த ஜெகதேவராயர் என்று இந்தக் கோட்டைகள் கைமாறிக்கொண்டே வந்தவை. நம் பகுதிக்குப் பாராமகால் என்று பெயர் வந்ததே பன்னிரண்டு கோட்டைகளை வைத்து. 1791இல் மூன்றாம் மைசூர் போர் நடக்கும்போது இராயக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே வருடம் நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மேக்ஸ்வெல் என்ற தளபதி தாக்கியபோது மேலே இருந்தவர்கள் கல்லை உருட்டிவிட்டே படையைத் திருப்பி அனுப்பினார்கள். போரில் பிடிபடாத அந்தக் கோட்டை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு சேர்ந்து கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். "ரயத்துவாரியா? அது எங்க புக்ல இருக்கே!" என்றாள் மகள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறாள், ஆனால் அது எங்கேயோ சென்னையிலோ லண்டனிலோ நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கீழே தெரிகிற அந்த ராகிக் கொல்லைகளிலும் மாந்தோப்புகளிலும் நடந்தது என்று சொன்னதும் எழுந்து நின்று பார்த்தாள்.

அப்புறம் அருவிக்கு இறங்கினோம். ஒகேனக்கலை நினைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று ஆள் உயரம்தான், பாறையை ஒட்டி வழுக்கிக்கொண்டு வருகிற தண்ணீர். தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது, மகன் வானத்தைப் பார்த்து "மழை வருதா?" என்றான். காவலர் தம்பி முதலில் ஒரு நீளக் குச்சியை வெட்டித் தண்ணீருக்குள் விட்டுக் காட்டினார். கரையோரம் கணுக்கால் ஆழம், நாலடி தள்ளிக் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் குச்சி முழுவதும் உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு பிள்ளைகளை ஒரு தடவைகூட "போகாதே" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈரப் பாறையில் நண்டு ஓடியது. வெயில் பட்ட இடத்தில் தும்பிகள். மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை நேரம் என்று தெரியாது, எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் நல்லது. கெட்டதையும் சொல்ல வேண்டும். கோட்டைச் சுவரில் பெயிண்டால் பெயர்கள், இதயப் படங்கள், ஒரு கட்சிக் கொடி. அருவிக் கரையில் பீர் பாட்டில் துண்டுகள், மணலோடு மணலாக, வெயிலில் தண்ணீர் மாதிரியே மின்னிக்கொண்டு. மகன் செருப்பைக் கழற்றப் போனான், மாமியார் பார்த்துவிட்டதால் தப்பித்தான். சாப்பிட்டு முடித்த டிபன் கேரியரின் மூன்று அடுக்கிலும் கண்ணாடித் துண்டைப் பொறுக்கிப் போட்டு, மூடி, நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நான் ஊர்ப்பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். எழுதினால் அடுத்த ஞாயிறு இருபது பைக் போகும். நீங்கள் யாராவது பள்ளியிலிருந்து கேட்டால், வழியோடு சொல்கிறேன்.

அருவிக் கரையில் புளிச்சோறு சாப்பிடும்போதுதான் மகள் கேட்டாள்: "இது நம்ம ஊர்தானேம்மா? அப்புறம் ஏன் எங்கள யாரும் இங்க கூட்டிட்டு வரல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு இரண்டு மாதம் முன்னால் அவள் பள்ளியில் சுற்றுலா போனார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். வெளியூரில் ஒரு கேளிக்கைப் பூங்கா, ஒரு பிள்ளைக்கு 1,400 ரூபாய், விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வந்தார்கள், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் வகுப்பில் பதினொரு பேர் போகவில்லை. அவர்களில் ஒரு பெண் எங்கள் தெருதான், அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். சுற்றுலா நாளன்று அந்தப் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள், போகாத பிள்ளைகளை எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஏதோ படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் கடைக்கு வந்து நின்றாள். "அக்கா, எனக்குக் காய்ச்சல், அதான் போகல" என்றாள். நான் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

ஐயா, அம்மா, மலைக்கு நுழைவுக் கட்டணம் 1,400 ரூபாய் இல்லை. அந்தப் பதினொரு பேரும் வர முடியும். அந்தப் பெண்ணுடைய அப்பாவழிப் பாட்டி சித்தேரி மலைக்காரர், என் மாமியாரைவிட அதிகமான செடிகள் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு நாளாவது அவள் முன்னால் நடந்து மற்ற பிள்ளைகள் அவள் பின்னால் நடக்கட்டும்.

எந்த மலை என்றுதானே கேட்பீர்கள்? நம்மிடம் இல்லாததா? தருமபுரியிலிருந்து ஓசூர் போகிற ரயில் பாதையிலேயே இராயக்கோட்டை ஸ்டேஷன் இருக்கிறது, பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பிள்ளைகளுக்கு ரயில் பயணமும் சேர்ந்து கிடைக்கும். மலைமேல் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு வண்டியே வேண்டாம், ஊருக்குள்ளேயே மலை. சையது பாஷா மலை என்று தினமும் வாயால் சொல்கிறோம், மேலே ஏறிப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாளைக்கு வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். சூளகிரி, ஓசூர் பக்கத்தில் மல்லச்சந்திரம் இருக்கிறது, பாறைமேல் வரிசையாகக் கல்திட்டைகள், பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து, முன்பக்கக் கல்லில் வட்டமாக ஓட்டை போட்டது. பாண்டவர் வீடு என்று சொல்லி விட்டுவிடுகிறோம், அது இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்குக் கட்டியது. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள். நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் இரும்பு உருக்கிய மண்ணில் வளர்கிற பிள்ளைக்கு அந்தச் செய்தி பொது அறிவுக் கேள்வியாக மட்டும்தான் தெரிகிறது.

அரூர்ப் பிள்ளைகளுக்குத் தீர்த்தமலை. அருணகிரிநாதர் பாடிய மலை, மேலே பாறையிலிருந்து இராமர் தீர்த்தம் விழுகிறது, கீழே கொஞ்ச தூரத்தில் தென்பெண்ணை. பென்னாகரத்துக்காரர்களுக்கு ஒகேனக்கல் என்றால் எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும், அதுவும் வேண்டியதுதான், ஆனால் அந்தப் பகுதியில் கிடைக்கிற கார்பனடைட் பாறைக்கு ஏறக்குறைய 240 கோடி வயது என்பதை அங்கேயே நின்று ஓர் அறிவியல் ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் காலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயம், முன்னது 2014இலும் பின்னது 2022இலும் அறிவித்தவை. அங்கே நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது, நுழையவும் கூடாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது பாதைகள் இருக்கின்றன, நம் பக்கத்து ஐயூர் சாமி ஏரியும் அதில் ஒன்று. அதற்குக் கட்டணம் உண்டு, அதனால் என் கோரிக்கைக்கு அது முதல் தேர்வு இல்லை, ஆனால் வழிகாட்டியோடு போகலாம் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

சரி, உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? பேருந்தில் ஏற்றிப் பூங்காவில் இறக்கினால் சுவர் இருக்கிறது, காவலாள் இருக்கிறார், மலையில் என்ன இருக்கிறது? 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. என் பிள்ளைகளையும்தானே கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன்? அதனால் பயத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பயப்படுகிற ஆசிரியர்தான் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய் வருவார். ஆனால் பயத்தை வைத்துத் திட்டம் போடலாம், பயத்தை வைத்து வீட்டிலேயே உட்கார வேண்டியதில்லை.

முதலில் மாதம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம், அந்த இரண்டு மாதமும் மலையை நினைக்கவே வேண்டாம், புல் காய்ந்து பஞ்சு மாதிரி கிடக்கும். அக்டோபரிலிருந்து ராகி அறுவடை முடிகிற வரைக்கும் தளி, ஜவளகிரி வழியாக யானைகள் ஓசூர்ப் பக்கம் வரும், அந்தப் பகுதிகளை அப்போது விட்டுவிட வேண்டும். நம் ஊர்க் கோட்டை மலைகளுக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்ல காலம், மழை விட்டிருக்கும், சுனையில் தண்ணீர் இருக்கும், பத்து மணி வரைக்கும் வெயில் தெரியாது. எந்த மாதமாக இருந்தாலும் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வாங்குவது உங்களுக்குத் தெரிந்த வேலை. அதோடு காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, வனத்துறையின் துணை இல்லாமல் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூற்றைம்பது பிள்ளைகளை ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ஒரு வகுப்பு, நாற்பது பேர், எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஆசிரியர்கள் அத்தனை பேர் இல்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம் எதற்கு இருக்கிறது? வருடத்துக்கு ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு வர என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அருவி, சுனை என்று தண்ணீர் இருக்கிற இடத்தில் கணுக்காலுக்கு மேல் இறங்குவது கிடையாது, அதை ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், குச்சியை விட்டு ஆழத்தைக் காட்டினால் பிள்ளைகளே கேட்டுக்கொள்வார்கள். பாறையில் மலைத்தேன் அடை தொங்கினால் சென்ட் போட்டுக்கொண்டு வருவதும், புகை போடுவதும், கல்லெறிவதும் உயிருக்கு ஆபத்து, பையன்களிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஷூ இல்லாத பிள்ளைக்குப் பின்வார் இருக்கிற செருப்பு போதும், ஷூ இருந்தால்தான் வரலாம் என்று சொல்லி மறுபடியும் அந்தப் பதினொரு பேரை வகுப்பில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்கிறேன், ஆண் தலைமையாசிரியர்கள் தயவுசெய்து இதைத் தாண்டிப் போக வேண்டாம். பெண் பிள்ளைகள் சுற்றுலாவுக்குத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கழிப்பறை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், அப்புறம் மயங்கி விழுவார்கள். மலையில் கழிப்பறை கிடையாது. அடிவாரத்தில் இருக்கிற பள்ளியிலோ, அங்கன்வாடியிலோ, ஏதாவது ஒரு வீட்டிலோ முன்கூட்டியே பேசிவைத்து, ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் போய்வர ஏற்பாடு செய்யுங்கள், மேலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், ஓர் ஆசிரியை பையில் நாப்கின் இருக்கட்டும், பாவாடை தாவணி வேண்டாம் சுடிதாரில் வரலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள். இதைச் செய்தால் வர மாட்டேன் என்று சொல்கிற பெண் பிள்ளை ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

அங்கே போய் என்ன சொல்லிக் கொடுப்பது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். ஐந்து பக்கத்தில் சுற்றுலா அறிக்கை எழுதச் சொன்னால் மலை முழுக்க அந்தக் கவலையோடுதான் நடப்பார்கள். அடிவாரத்து ஊரில் ஆடு மாடு மேய்த்த பெரியவர் யாராவது நிச்சயம் இருப்பார், அவரையோ அந்த அம்மாவையோ கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கையில் கொடுங்கள், பேச விடுங்கள். சமூக அறிவியல் ஆசிரியர் கோட்டை வாசலில் பத்து நிமிடம் பேசினால் போதும். மற்ற நேரம் பிள்ளைகள் குழியில் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

கூட்டமாகப் பிள்ளைகள் போனால் மலை குப்பையாகாதா என்று யாராவது கேட்கலாம். கோட்டையில் பெயர் எழுதுகிறவர்களும் பாட்டில் உடைக்கிறவர்களும் ஒரு காலத்தில் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அந்தக் கல்லை அவர்கள் பத்து வயதில் தொட்டுப் பார்த்திருந்தால், யார் எப்படி வெட்டியது என்று எண்ணிப் பார்த்திருந்தால், இருபது வயதில் பெயிண்ட் டப்பாவோடு ஏறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மகன் அன்றைக்குச் சுவரில் எழுதியிருந்த ஒரு பெயரைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை, அழுகிற மாதிரி ஆகிவிட்டான். யாரும் அவனைத் தேய்க்கச் சொல்லவில்லை.

என்னால் ஆனது இதுதான். எந்தப் பள்ளியாவது இந்த வருடம் மலைக்குப் போகிறது என்றால், போகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணிப்பை நான் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் கொள்கிற அளவு, தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள நீளமான வார், வெளிப்பக்கம் குப்பை போட ஒரு தனி ஜோபி. சீருடை வெட்டியதில் மிஞ்சிய துணி கடையில் மூட்டையாகக் கிடக்கிறது, நீலமும் பழுப்புமாகக் கலந்துதான் வரும். ஒரு நாளைக்கு இருபது பை தைப்பேன், நாற்பது பிள்ளைக்கு இரண்டு நாள் வேண்டும், பொங்கல் நேரத்தில் என்றால் வேலை நெருக்கடி இருக்கும், அதனால் தேதியைப் பத்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். வழியில் மரத்துக்குப் பெயர் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் என் மாமியார் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.